மண்டாய்க்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி இதுதான்: ஜூன் பள்ளி விடுமுறையில் ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக ஒரு தாய் நினைக்கிறார். மாமியார் வேண்டாம் என்கிறார். "அங்கே கம்பியே கிடையாது, புலி ஆளை அடித்த இடம்" என்பது அவர் பயம். கணவரும் வேண்டாம் என்கிறார், ஆனால் காரணம் வேறு. காட்டில் திரிய வேண்டியதைக் காசுக்காக அடைத்து வைப்பது பாவம், அதற்கு நாம் டிக்கெட் வேறு வாங்க வேண்டுமா என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். மாமியாரின் பயத்துக்கு அடிப்படை உண்டு, ஆனால் அவர் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கணவர் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு, அதற்காகப் போகாமலே இருக்க வேண்டியதில்லை. பல வருடங்கள் வார இறுதிகளில் அங்கே தன்னார்வ வழிகாட்டியாக நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தோட்டத்தின் சார்பில் பேசவில்லை. நான் சொல்லப் போகும் சிலவற்றை அவர்கள் இப்படிச் சொல்லவும் மாட்டார்கள்.

மாமியார் மனத்தில் இருப்பது 2008 நவம்பர் 13. தோட்டத்தில் துப்புரவு வேலை பார்த்த மலேசிய ஊழியர் ஒருவர் தடுப்பைத் தாண்டி வெள்ளைப் புலிகளின் அகழிக்குள் இறங்கினார். பார்வையாளர்கள் கண்ணெதிரே புலிகள் தாக்கின. காப்பாளர்கள் அவற்றை உள்ளே விரட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அன்று புலி வெளியே வரவில்லை, மனிதர்தான் உள்ளே போனார். புலிகளைக் கொல்லவும் இல்லை. அவற்றில் ஒன்றான ஓமார் 2017 வரை அங்கேயே இருந்தது. அந்த முடிவு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கம்பி இல்லை என்பதும் உண்மை. 1973 ஜூன் 27 அன்று இந்தத் தோட்டம் திறக்கப்பட்டபோது அதுதான் அதன் பெருமை. பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவராக இருந்த டாக்டர் ஓங் சுவீ லா இதைத் தொடங்கினார். இலங்கையின் தெகிவளை விலங்குத் தோட்டத்தை நடத்திய லின் டி ஆல்விஸ் வந்து வடிவமைக்க உதவினார். கூண்டுக்குப் பதில் அகழி, இரும்புக்குப் பதில் செடி. நாம் நிற்கும் பக்கம் இடுப்பளவு சுவரும் புதரும் தெரியும். அதற்கு அப்பால் தரை இறங்கிப் போவது நம் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்திருப்பார்கள். அந்த இனத்தின் பாய்ச்சல் எவ்வளவு, எவ்வளவு உயரம் ஏறும், நீந்துமா என்றெல்லாம் பார்த்துத்தான் அகழியின் அகலமும் ஆழமும் தீர்மானமாகின்றன. அகழிக்கு மேல் நீளும் கிளையை வளரவிட மாட்டார்கள், ஒரே ஒரு கிளை பாலமாகிவிடும். பின்பக்கம், நாம் பார்க்காத இடத்தில், இரட்டைக் கதவுகள் இருக்கும். ஒன்றைப் பூட்டாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. காலையில் ஓர் எண்ணிக்கை, மாலையில் ஓர் எண்ணிக்கை.

இதெல்லாம் முதல் நாளிலேயே ஒழுங்காக நடந்துவிடவில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு கருஞ்சிறுத்தை தப்பியது. பல மாதங்கள் கழித்து, 1974 ஜனவரியில், புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடல் பக்கம் ஒரு வடிகாலில் அது இருப்பது தெரிந்தது. உயிரோடு மீட்க முடியவில்லை. அதே ஆண்டு காங்கோ என்ற நீர்யானை வெளியே போய், ஒன்றரை மாதம் போலச் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் சுகமாகக் கிடந்தது. அதற்கும் முன்னால் போனால், 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் சுட்டுக் கொல்லப்பட்ட புலி இருக்கிறது. அதைக் காட்டுப் புலி என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்வார்கள். பக்கத்தில் நடந்த வேடிக்கைக் காட்சி ஒன்றிலிருந்து தப்பி வந்த பாவப்பட்ட மிருகம் அது.

வெளிநாட்டிலும் அகழி ஏமாற்றியிருக்கிறது. 2007 கிறிஸ்துமஸ் அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டாட்டியானா என்ற புலி மேலேறி வந்து ஓர் இளைஞரைக் கொன்றது. பிறகு அளந்து பார்த்தால் சுவர் பன்னிரண்டரை அடிதான் இருந்தது. அமெரிக்க விலங்குத் தோட்டச் சங்கம் பரிந்துரைத்தது பதினாறு அடிக்கும் மேல். அத்தனை வருடம் அந்தச் சுவர் போதும் என்றே இருந்துவிட்டார்கள். ஆகவே உங்கள் மாமியார் "அகழியை நம்பலாமா?" என்று கேட்டால், நேர்மையான பதில் இது: அகழியை நம்புவதைவிட, அதைத் தினமும் சரிபார்க்கும் ஆட்களை நம்புகிறோம். இங்கே அந்த ஆட்கள் கண்டிப்பானவர்கள் என்பது நான் பக்கத்தில் நின்று பார்த்தது.

அவர் உண்மையில் பயப்பட வேண்டியது, பேரனைத் தடுப்புச் சுவர்மேல் உட்கார வைக்கும் மகனுக்கு. கிண்டலாகச் சொல்லவில்லை. வார இறுதியில் அங்கே நின்றால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அப்பா பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கால்கள் உள்பக்கம் தொங்கும்படி சுவர்மேல் வைப்பார். அம்மா கைத்தொலைபேசியோடு பின்னால் நகர்வார். "சிரி, இங்கே பாரு" என்றதும் பிள்ளை உடலை முறுக்கித் திரும்பும். அப்பாவின் ஒரு கை படத்தில் தெரியக் கூடாது என்று மெல்ல விலகும். இத்தனையும் ஐந்து வினாடிதான். போய்ச் சொன்னால், "நான் பிடிச்சிருக்கேன் சார்" என்பார்கள். பிடித்திருந்தது ஒரு கை மட்டும்தான்.

2016 மே 28 அன்று சின்சினாட்டியில் மூன்று வயதுப் பையன் தடுப்பு வழியாக நுழைந்து கொரில்லாவின் அகழியில் விழுந்தான். ஹராம்பே என்ற 17 வயது ஆண் கொரில்லா அவனைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு திரிந்தது. சுமார் பத்து நிமிடம். தோட்டத்தார் அதைச் சுட்டுக் கொன்றார்கள். பையன் பிழைத்தான். மயக்க ஊசி போட்டிருக்கலாமே என்று உலகமே கேட்டது. சினிமாவில் ஊசி பட்டவுடன் மிருகம் சாய்ந்துவிடுகிறது, நிஜத்தில் மருந்து ஏறப் பல நிமிடம் ஆகும். வெறியில் இருக்கும் மிருகத்துக்கு இன்னும் கூடுதல் நேரம். அந்த இடைவெளியில், சுருக்கென்று குத்திய வலியில், கையில் இருக்கும் குழந்தையை அது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் மனித உயிர் ஆபத்தில் இருந்தால் துப்பாக்கி என்பது உலகம் முழுக்க எழுதப்படாத, சில இடங்களில் எழுதியே வைத்த விதி. 1986இல் ஜெர்சி தீவில் ஜாம்போ என்ற கொரில்லா, உள்ளே விழுந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குக் காவல்போல நின்றதும் உண்மைதான். ஆனால் இது ஜாம்போவா, இல்லையா என்று சோதித்துப் பார்க்க அந்தப் பத்து நிமிடத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. வரவும் கூடாது. சின்சினாட்டி சம்பவத்தில் தவறே செய்யாத ஒரே உயிர் ஹராம்பேதான், விலை கொடுத்ததும் அதுதான்.

ஓடிப் போய் விழுவது மட்டும் ஆபத்தில்லை. 2007இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் தோட்டத்தில் பொக்கிட்டோ என்ற கொரில்லா தண்ணீர் அகழியைக் கடந்து வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தியது. அவர் அடிக்கடி வந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பவர். தான் சிரித்தால் அதுவும் சிரிக்கிறது என்று நம்பியவர். கொரில்லாவுக்கு நேருக்கு நேர் முறைப்பதும் பல் காட்டுவதும் சண்டைக்கு இழுப்பது. பிறகு ஒரு காப்புறுதி நிறுவனம் வேடிக்கையாக, கண்கள் ஓரமாகப் பார்ப்பதுபோல் படம் போட்ட அட்டைக் கண்ணாடிகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தது. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. மனிதக் குரங்குகள் முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சேட்டை செய்யும் பெரியவர்களுக்கு இங்கேயும் பத்துப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம்.

இனி நம்மவர்களுக்கென்றே ஒரு வார்த்தை. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் கொடுத்தால் புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மனம் நல்ல மனம், சந்தேகமில்லை. ஒரு பாட்டி கைப்பையிலிருந்து கோயில் பிரசாத வாழைப்பழத்தை எடுத்து நீளமூக்குக் குரங்கை நோக்கி நீட்டியபோது, அவர் முகத்தில் இருந்தது அன்பு மட்டும்தான். நான் சொன்னதைக் கேட்டு உடனே கையை இழுத்துக்கொண்டார். சொன்னது இது: போர்னியோவின் சதுப்புக்காட்டில் இலையும் காயும் தின்று வாழும் அந்தக் குரங்குக்கு மாட்டைப்போல அறை அறையான வயிறு. இலையை நொதிக்க வைத்துச் செரிப்பதற்கென்றே அமைந்தது. கனிந்த, இனிப்பான பழம் அதற்குள் போனால் மளமளவென்று நொதித்து வயிறு உப்பும். உயிருக்கே ஆபத்து. குரங்கென்றால் வாழைப்பழம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை.

தெரிந்தே செய்பவர்களும் உண்டு. இந்தோனேசியாவின் சோலோ நகரத் தோட்டத்தில் தோரி என்ற ஓராங் ஊத்தான் சிகரெட்டுக்கு அடிமையானது, பார்வையாளர்கள் எரியும் துண்டுகளை வீசிப் பழக்கியதால். 2012இல் அதை ஆட்கள் எட்டாத தீவுத்திட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தாய்லாந்தில் ஒரு கடலாமை இருந்த குளத்தில் நல்ல காலம் வரும் என்று ஆண்டாண்டாகக் காசு போட்டார்கள். 2017 மார்ச்சில் அறுவை செய்து அதன் வயிற்றிலிருந்து எடுத்தது 915 நாணயங்கள், 5 கிலோ. இரண்டு வாரத்தில் அது செத்துப்போனது. காசு போட்ட யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒரு காசுதான் போட்டார்கள்.

தோட்டத்துக்கு வெளியேயும் இது பொருந்தும். மண்டாய் சாலையோரம் திரியும் நீளவால் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று நாம்தான் பாடம் எடுத்திருக்கிறோம். 2020 முதல் வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வரை. முறுக்குப் பொட்டலத்தை ஜிப் வைத்த பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சளி, இருமல் இருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். நமக்கு மூக்கடைப்பு, மனிதக் குரங்குக்கு நிமோனியா ஆகலாம். 2021 ஜூனில் சென்னை வண்டலூரில் கோவிட் தொற்றிய சிங்கங்களில் இரண்டு இறந்ததைப் படித்திருப்பீர்கள். அதே நவம்பரில் இங்கே இரவு சஃபாரியின் ஆசியச் சிங்கங்கள் நான்கும் தோட்டத்தின் ஆப்பிரிக்கச் சிங்கம் ஒன்றும் தொற்றுக்கு ஆளாகித் தேறின. காப்பாளர்களிடமிருந்து வந்தது என்பதுதான் கணிப்பு.

இப்போது உங்கள் கணவரின் பக்கம். இதற்கு "ஆம்", "இல்லை" என்று ஒற்றைப் பதில் கேட்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. எந்த மிருகம், எதற்காக, எப்படி என்று கேட்டால் பேசலாம்.

மோசமான பதிலுக்கு இனுக்காதான் உதாரணம். 1990 டிசம்பர் 26 அன்று இங்கே பிறந்த துருவக் கரடி, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக் கரடி என்று ஊரே கொண்டாடியது. என் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பிள்ளை மாதிரி. 2004இல் அதன் ரோமமும் தாய் ஷீபாவின் ரோமமும் பச்சை நிறமாயின. துருவக் கரடியின் ரோமம் உள்ளே குழல், நம் ஈரக் காற்றில் அதற்குள் பாசி வளர்ந்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுச் சுத்தம் செய்தார்கள். ரோமத்தை வெளுக்கலாம். தட்பவெப்பத்தை என்ன செய்வது?

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2003இல், கிளப், மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். இயல்பில் பெருந்தொலைவு சுற்றும் ஊனுண்ணிகள்தான் அடைப்பில் அதிகம் வாடுகின்றன, ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கின்றன, குட்டிகளையும் அதிகம் இழக்கின்றன என்று அதில் காட்டினார்கள். துருவக் கரடிக்குத் தோட்டங்கள் தரும் இடம், அது காட்டில் குறைந்தபட்சம் சுற்றும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எத்தனை கோடி வெள்ளி கொட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. 2006இல் ஏக்கர்ஸ் விலங்குநல அமைப்பு வெளிப்படையாகப் பிரசாரம் செய்தது. இனி துருவக் கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று தோட்டமும் முடிவெடுத்தது. இனுக்காவுக்குப் பிறகு குளிரூட்டிய பெரிய இடம் கிடைத்தது. 2018 ஏப்ரல் 25 அன்று, 27 வயதில், முதுமையின் வலி தாங்க முடியாத நிலையில் கருணைக்கொலை செய்தார்கள். கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். ஆனாலும், அது இங்கே பிறந்திருக்கவே கூடாது என்று நினைப்பவன்தான். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம்.

வெள்ளைப் புலி விஷயத்தில் நான் இன்னும் கறார். அது தனி இனம் இல்லை, அழியும் இனமும் இல்லை. 1951இல் இந்தியாவின் ரேவா மன்னர் பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியை அதன் மகளோடே சேர்த்துப் பெருக்கிய வம்சம் உலகம் முழுக்கப் பரவியது. நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் வந்த குறைகள் பல. மாறுகண் அந்த நிறத்தோடே ஒட்டி வருவது. 2011இல் அமெரிக்கச் சங்கம் தன் உறுப்புத் தோட்டங்களில் அவற்றை இனப்பெருக்கம் செய்வதையே நிறுத்தச் சொன்னது. அழகாக இருக்கிறது, கூட்டம் வருகிறது என்பதைத் தவிர வேறு நியாயத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது, அதை உங்கள் கணவர் கணக்கில் எடுக்க வேண்டும். ஆ மெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவின் ஓராங் ஊத்தான், காட்டிலிருந்து கடத்தி வந்து ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்த்ததை 1971இல் மீட்டார்கள். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்ததைக் காட்டில் விட்டால் பிழைக்காது. தோட்டம் அதற்குச் சிறை என்றால், அன்று இருந்த மாற்று என்ன? அதோடு சேர்ந்து காலைச் சிற்றுண்டி சாப்பிட ஆட்களை உட்கார வைத்ததை இன்று நான் ஆதரிக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இன்னும் தெளிவான நன்மை வேண்டுமானால் புலாவ் உபினுக்குப் போங்கள், அல்லது சாங்கி கிராமத்தில் காலையில் தலையைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை இருவாச்சி பறக்கும். சிங்கப்பூரிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன பறவை. 1994இல் ஓர் இணை உபினில் தென்பட்டது. கூடு கட்டப் பெரிய மரப்பொந்து இல்லாததுதான் சிக்கல் என்று கண்டு, 2004 முதல் தேசியப் பூங்காக் கழகமும் ஜூரோங் பறவைப் பூங்காவும் ஆய்வாளர்களும் சேர்ந்து செயற்கைக் கூட்டுப் பெட்டிகள் வைத்தார்கள். கூண்டுப் பறவைகளோடு பழகிய அறிவு வெளியே பறக்கும் பறவைக்கு உதவியது. அமெரிக்காவில் 1987இல் காட்டில் மிஞ்சிய கடைசிக் கலிஃபோர்னியக் காண்டோரையும் பிடித்தபோது, உலகில் இருந்ததே மொத்தம் 27தான். அவற்றைத் தோட்டங்களில் பெருக்கி மறுபடி வெளியே விட்டார்கள். தோட்டங்கள் இல்லாவிட்டால் இன்று அந்தக் கழுகு படத்தில் மட்டும்தான்.

ஆனால் இப்படிப்பட்ட கதைகள் சில, விலங்குகளோ ஆயிரக்கணக்கில். எல்லா அடைப்புக்கும் "பாதுகாப்புப் பணி" என்று பெயர்ப்பலகை மாட்டுவது எனக்கு உறுத்தல். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை பெரியவனாகி ஆப்பிரிக்கப் புல்வெளியைக் காப்பாற்றுவான் என்பதையும் நான் அப்படியே விழுங்குவதில்லை. சில பிள்ளைகளுக்கு நடக்கிறது. பலருக்கு ஐஸ்கிரீம்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே உங்கள் கணவரை வாதத்தில் வெல்ல முயல வேண்டாம், கூட்டிப் போங்கள். ஏதாவது ஒரு விலங்கின் முன்னால் இருபது நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி நடந்துகொண்டே இருக்கிறதா, அல்லது தோண்டுகிறதா, தேடுகிறதா, மற்றவற்றோடு சண்டை போடுகிறதா, நம் கண்ணில் படாமல் போய்ப் படுக்க அதற்கு இடம் இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். எங்கும் காணவில்லை என்று பிள்ளைகள் சிணுங்கினால், ஒளிந்துகொள்ள முடிகிற விலங்கு நல்ல இடத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். விட்டுத் திரியும் ஓராங் ஊத்தான்கள் மேலே கயிற்றில் போகும் இடத்தில் அவருக்கு மனம் கொஞ்சம் இளகும். வெள்ளைப் புலிக்கு முன்னால் இளகாது. இரண்டும் சரிதான். குறை தெரிந்தால் காப்பாளரிடமோ வழிகாட்டியிடமோ கேட்கச் சொல்லுங்கள். இனுக்கா விஷயத்தில் முடிவு மாறியதற்கு அப்படிக் கேட்டவர்களும் ஒரு காரணம்.

திறப்பது காலை 8.30. அப்போதே போய்விடுங்கள், வெயில் ஏறினால் புலி முதல் கரடி வரை எல்லாம் படுத்துவிடும். மூன்று வயதுக்காரனை தள்ளுவண்டியில் வார் போட்டு உட்கார வையுங்கள். எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தூக்கி உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், சுவர்மேல் வேண்டாம். கண்ணாடித் தடுப்புள்ள இடங்களில் தட்டாமல் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம், அந்த உயரம் அவனுக்குத் தோதானது. மகளை நேரே கண்ணாடியில் முகம் வைத்து முறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பொக்கிட்டோ கதையைச் சொன்னால் புரிந்துகொள்வாள். மாமியார் வர மறுத்தால், உள்ளே டிராம் ஓடுகிறது, இறங்காமலே ஒரு சுற்று வந்துவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள்.